வஞ்சப்புகழ்ச்சியின் அரசியல்: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரமும் தலித் கிறிஸ்தவர் விலக்கமும்

சென்னை எழும்பூரில், காந்தி இர்வின் பாலச் சாலை மார்ஷல் சாலையைத் தொடும் இடத்தில், சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார் சூசை. தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தரும் அரசாணை 1982இல் வந்தது. கடை இந்து ஆதிதிராவிடருக்கு மட்டும். சூசையும் ஆதிதிராவிடர்தான், தொழிலும் அதே தொழில்தான். ஆனால் அவர் கிறிஸ்தவர். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1985 செப்டம்பர் 30 அன்று நீதிபதி ஆர்.எஸ். பதக் அளித்த தீர்ப்பு, மதம் மாறிய பின்னும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்துச் சமூகத்தில் இருந்த ஒடுக்குதல் அதே கடுமையோடு கிறிஸ்தவச் சமூகத்திலும் தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதைக் காட்டும் விரிவான ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது.

சூசை கேட்டது சட்டமன்றத் தொகுதியோ கலெக்டர் வேலையோ அல்ல. வெயிலுக்கு ஒரு கூரை. அந்தக் கூரையை மறுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் இக்கட்டுரையின் பொருள். ஒரு சமூகத்துக்கு உரிமையை மறுக்கும் அரசியல்வாதி வழக்கமாக அந்தச் சமூகத்தைக் குறைசொல்லித்தான் மறுப்பார். தலித் கிறிஸ்தவர் விஷயத்தில் இந்திய அரசியல் கண்டுபிடித்திருப்பது வேறொரு வழி: அவர்களுடைய மதத்தைப் பாராட்டி மறுப்பது. ‘உங்கள் மதத்தில் சாதி கிடையாதே, பிறகு எதற்குச் சலுகை?’ நம் அணியிலக்கணத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: வஞ்சப்புகழ்ச்சி. இந்தப் புகழ்ச்சி ஏன் இத்தனை காலம் செல்லுபடியாகிறது, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் அது எங்கே உடைகிறது என்பவையே நான் எடுத்துக்கொள்ளும் கேள்விகள். சாதியைத் திருச்சபைக்குள் தேடச் சொன்னதிலேயே பிழை இருக்கிறது என்பது என் வாதம். அது திருச்சபைக்கு வெளியே, வேலையிலும் தெருவிலும் சுடுகாட்டுப் பாதையிலும் இருக்கிறது.

கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்குவதன் வரலாறு சுதந்திரத்துக்கு முந்தியது. 1936ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்ற விதி இருந்தது. அதற்கு அப்போது ஒரு கணக்கு இருந்தது. 1932இன் வகுப்புவாரித் தீர்ப்பும் 1935இன் இந்திய அரசுச் சட்டமும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி கொடுத்திருந்தன. ஒருவர் இரண்டு இடத்திலும் எண்ணப்படக் கூடாது. அந்தத் தனித்தொகுதி சுதந்திரத்தோடு போயிற்று. மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டையும் 1949 மே மாதம் அரசமைப்பு அவை கைவிட்டது. கைவிட்டதில் கிறிஸ்தவத் தலைவர்களுக்கும் பங்கு உண்டு. சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவராயிருந்த எச்.சி. முகர்ஜி வங்காளத்துப் புரொட்டஸ்டண்ட். சென்னையிலிருந்து சென்ற ஜெரோம் டிசூசா லயோலா கல்லூரியின் முதல்வராயிருந்த இயேசு சபைத் துறவி. இருவருமே ஒதுக்கீடு வேண்டாம் என்ற பக்கம் நின்றார்கள். தேசத்தை நம்புகிறோம் என்ற அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தது அவர்களுடைய வகுப்பு அல்ல. சேரியில் இருந்த கிறிஸ்தவருக்குச் சிறுபான்மையினர் என்ற வகையில் இருந்த இடமும் போயிற்று, பட்டியல் சாதியில் இடமும் கிடைக்கவில்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. காரணம் காலாவதியான பிறகும் விதி மட்டும் உயிரோடிருந்தது. பிறகு அதற்குப் புதுக் காரணம் தேட வேண்டியதாயிற்று.

1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டதும் ‘சாதியற்ற மதம்’ என்ற வாதத்தின் முதுகெலும்பு முறிந்திருக்க வேண்டும். குரு நானக்கின் மார்க்கமும் புத்தரின் மார்க்கமும் சாதியை ஏற்பவை அல்லவே! ஆனால் அரசியல் நியாயங்கள் முரணால் சாவதில்லை, இடம் மாறிக்கொள்ளும். 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கில் 2022 நவம்பரில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் இரண்டு காரணங்களைச் சேர்த்துக் கட்டியது. தீண்டாமை என்னும் ஒடுக்குமுறை கிறிஸ்தவ, இஸ்லாமியச் சமூகங்களில் இருந்ததே இல்லை என்பது ஒன்று. அம்பேத்கரின் அழைப்பில் 1956இல் பௌத்தம் தழுவியவர்களின் முன்னைய சாதியைத் தெளிவாகச் சொல்லிவிடலாம், பல நூற்றாண்டுகளாக மதம் மாறிய கிறிஸ்தவர்களின் சாதியை அப்படிச் சொல்ல முடியாது என்பது மற்றொன்று. இரண்டாவதைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் சிரிப்பு வரும். கிறிஸ்தவரானவர் முன்பு என்ன சாதி என்பதை இந்த நாட்டில் யாராவது மறந்ததுண்டா? எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும் சரி, பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவம் சென்றவர்களைப் பிற்படுத்தப்பட்டோராகத் தமிழ்நாடு அரசு பட்டியலிட்டுச் சான்றிதழ் கொடுத்துவருகிறது. தாலுகா ஆபீசில் தெரிவது தில்லியில் தெரியாமல் போகிறது.

மத அடிப்படையிலான பாகுபாட்டை வெளிப்படையாக நியாயப்படுத்திய அரசியலோடு இதை ஒப்பிடலாம். வட அயர்லாந்தில் கத்தோலிக்கரைப் பற்றி யூனியனிஸ்ட் தலைவர்கள் பேசியதில் ஒளிவுமறைவு இல்லை. 1933இல் பேசில் புரூக், புரொட்டஸ்டண்டுகள் புரொட்டஸ்டண்டுகளையே வேலைக்கு வைக்க வேண்டும் என்றார். கத்தோலிக்கர் அரசுக்கு விசுவாசமற்றவர்கள் என்பது அவர் சொன்ன காரணம். பத்தாண்டில் அவரே பிரதமரானார். 1968இல் கலிடன் கிராமத்தில், பிள்ளைகுட்டியோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாண்டி, மணமாகாத ஒரு புரொட்டஸ்டண்ட் இளம்பெண்ணுக்கு அரசு வீடு ஒதுக்கப்பட்டது. தேசியவாத அரசியல்வாதி ஆஸ்டின் கரி அந்த வீட்டில் புகுந்து உட்கார்ந்ததிலிருந்து உரிமைப் போராட்டம் சூடுபிடித்தது. அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு பெட்டிக்கடை. வேறுபாடு என்னவென்றால், பெல்பாஸ்டின் நியாயம் வசையாக இருந்ததால் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது. நீ விசுவாசமற்றவன் என்பவனிடம் இல்லை என்று வாதாடலாம். உன் மதம் சமத்துவமானது என்பவனிடம் என்ன சொல்வது? இல்லை, எங்கள் மதத்திலும் சாதி இருக்கிறது என்று சபையே எழுந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்குச் சபைகளுக்குக் கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்கும் வரலாறு உண்டு. அது கத்தோலிக்கருக்கு ஒரு விதம், புரொட்டஸ்டண்டுகளுக்கு ஒரு விதம். கத்தோலிக்க மிஷன் சாதியை ஊர்வழக்கமாக எண்ணி அனுசரித்தது. சாதி வழக்கங்களை ஏற்றுக்கொண்டே மதம் பரப்பிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலியின் முறைக்கு ரோம் 1623இல் இசைவு தந்தது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு கூடமாக இரட்டைக் கைகளோடு கோயிலே கட்டப்பட்டது. புரொட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோர் எதிர்த் திசையில் போனார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்; தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் எதிர்த்து எழுதினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் அதே நிலை எடுத்தபோது ஜெர்மனியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லுத்தரன்கள் மட்டும் விலகி நின்றார்கள். சாதி கூடாது என்பது நாளடைவில் புரொட்டஸ்டண்ட் போதனையாயிற்று; போதனை பெருமையாயிற்று. அரசியல்வாதி இன்று எடுத்துக் காட்டுவது இந்தப் பெருமையைத்தான். பிரசங்கத்தில் இருக்க வேண்டியதாகச் சொல்லப்பட்டதை அவர் சமூகத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார். அதை மறுக்கும் சான்றுகளோ பெரும்பாலும் கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து வருகின்றன. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது; இருவர் இறந்தார்கள். 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால் சாதி மனப்பான்மையைக் கண்டித்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் பாகுபாடு உண்டென்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது.

ஆகவே சூசை வழக்கின் அளவுகோலை வைத்தால் எறையூர்க்காரர் ஓரளவு தேறுவார். தோல் வட்டாரத்துக் கிறிஸ்தவர் தேறமாட்டார். இங்கேதான் அந்த அளவுகோலின் கோளாறு வெளிப்படுகிறது.

வட ஆற்காட்டில் 1853இல் அமைந்த அமெரிக்கன் ஆற்காடு மிஷன், ஸ்கடர் சகோதரர்களின் மிஷன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் அந்தக் குடும்பம்தான். அந்த மிஷனிடம் சேரிகள் குடும்பம் குடும்பமாக வந்தன. சேர்ந்தவர்களிடம் மிஷன் கேட்டவை: விக்கிரகத்தை விடு, ஓய்வுநாளைக் கடைப்பிடி, செத்த மாட்டின் இறைச்சியை விடு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லைப்சிக்கை விட்டு விலகிய பாதிரிமார்களைக் கொண்டு அமெரிக்க மிசௌரி லுத்தரன்கள் கிருஷ்ணகிரியிலும் ஆம்பூரிலும் வேலை தொடங்கினார்கள். ஆம்பூரின் கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா மருத்துவமனையும் அவர்கள் விட்டுச் சென்றவை. 1958இல் அது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனது. கத்தோலிக்கருக்கு வேலூர் மறைமாவட்டம் 1952இல் அமைந்தது. திருப்பத்தூரில் சலேசியர்களின் தூய நெஞ்சக் கல்லூரி அதற்கு ஓராண்டு மூத்தது. ஆற்காடு மிஷனின் வழிவந்த சி.எஸ்.ஐ., லுத்தரன், ஆர்.சி. என்று மூன்று சபைகள், மூன்று வழிபாடு, மூன்று கல்லறை. பாட்டுப் புத்தகம்கூட வேறு. ஆனால் மூன்றிலும் பெஞ்சுகளை நிறைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே காலனிகளிலிருந்து வந்தவர்கள்.

சபைக்குள் மேல்சாதி கிறிஸ்தவரே அதிகம் இல்லாத இடத்தில் சபைக்குள் சாதிக் கொடுமையைக் காட்டு என்றால் எப்படிக் காட்டுவது? பொதுத் திருவிருந்துப் பாத்திரத்தில் யாரும் யாரையும் விலக்கவில்லை என்பது உண்மைதான். விலக்குவதற்கு அங்கே ஆள் இல்லை. விலக்குகிறவர் ஞாயிறு காலை வேறெங்கோ இருக்கிறார். திங்கள் காலை அவரைச் சந்திக்கலாம்.

திங்கள் காலை என்றால் டேனரி. ஆவாரம்பட்டை, கடுக்காய் காலத்திலும், குரோம் வந்த பின்பும், தோல் பதனிடும் வேலையில் ஒரு படிவரிசை இருந்துவந்திருக்கிறது. உப்பேறிய பச்சைத்தோலை இறக்குவது, ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழியில் இறங்கிப் புரட்டுவது, மயிர் நீக்குவது, சதை வழிப்பது எல்லாம் ஈர வேலை. நாற்றமும் சுண்ணாம்பும் கைகாலைத் தின்னும் இந்த வேலை தலைமுறைகளாக ஆதிதிராவிடரிடமும் அருந்ததியரிடமும் விடப்பட்டது. சாயமேற்றுவது, மெருகேற்றுவது, தரம் பிரிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் உலர்ந்த பக்கம். அங்கே போகப் போக முகங்கள் மாறும். முதலாளிகளில் பெரும்பாலோர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் வணிகக் குடும்பங்கள். அந்த ஊர்களின் ஏழை முஸ்லிம்களும் கூலிக்காரர்களாக இதே ஆலைகளில் உண்டு. ஆக, குழியில் நிற்பவரின் கழுத்தில் சிலுவை கிடந்ததா என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. செத்த மாட்டின் இறைச்சியை விடச் சொன்ன மிஷனால், தோலைவிட்டு வெளியேற எல்லோருக்கும் வழி செய்துவிட முடியவில்லை. பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஒரு பகுதியினரை ஆசிரியராக, நர்ஸாகத் தூக்கிவிட்டன. மற்றவர்களுக்குத் தோல்தான்.

இப்படம் இன்று கலங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1970களில் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு வந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு காலணி ஆலைகள் பெருகின. காலனிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே தைக்கிறார்கள். ஈர வேலையில் இப்போது வடமாநிலத் தொழிலாளர்கள் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து இறந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தவர் என்று தெரியவந்தது. சாதிக்கும் தொழிலுக்கும் இருந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று இதைக் காட்டி ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும்; ஆனால் அந்தத் தளர்ச்சி இந்து ஆதிதிராவிடருக்கும் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் ஒரே அளவில்தான் நேர்ந்திருக்கிறது. ஒருவரிடமிருந்து மட்டும் உரிமையைப் பறிக்க அது காரணமாகாது.

தொழிலைவிட்டுத் தெருவுக்கு வந்தால் இன்னும் தெளிவு. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரம் காலனியில் இறந்தவரின் உடலைப் பாலாற்றுக் கரைக்குக் கொண்டுபோகும் வழியில் இருந்த நிலத்துக்காரர்கள் பாதை விடவில்லை. உறவினர்கள் பாலத்தின் மேலிருந்து பாடையைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவி, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அங்கே மறிக்கப்பட்டது காலனியின் பிணம். பாடைக்குப் பதில் சவப்பெட்டி வந்திருந்தால் வேலியைத் திறந்திருப்பார்களா? இரண்டு பிணத்துக்கும் ஒரே வேலி. ஆனால் வேலி போட்டவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட ஒருவரால் முடியும், மற்றவரால் முடியாது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமே உரியது.

தேர்தலிலும் இப்படித்தான். குடியாத்தம், கீழ்வைத்தினான்குப்பம் இரண்டும் தனித்தொகுதிகள். அங்கே வாக்களிக்கும் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் அங்கே நிற்க முடியாது. எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயலில் இது வழக்காகவே நடந்தது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து சுரங்கத்துக்குப் போன தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி அது. 1967 தேர்தலில் வென்ற எஸ். ராஜகோபால், 1949இல் கிறிஸ்தவரானதால் ஆதிதிராவிடராக நீடிக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 1972இல் அவர் மீண்டும் நின்றபோது வந்த வழக்கில் அதே நீதிமன்றம், அவர் இந்து மதத்துக்குத் திரும்பிவிட்டார், சாதியாரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே தகுதி உண்டு என்றது. சட்டரீதியாக நுட்பமான தீர்ப்புதான். எனக்கு எழும் கேள்வி எளியது: சாதி அழிந்திருந்தால் திரும்பி வந்தவரை ஏற்றுக்கொள்ள அது எங்கே காத்திருந்தது?

மாநில அரசியலின் நியாயம் புகழ்ச்சி அல்ல, கணக்கு. தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18. தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோரின் 26.5க்குள் நின்று, நிலமும் பள்ளியும் பல தலைமுறையாய் வைத்திருக்கும் சாதிகளோடு போட்டியிட வேண்டும். 2007இல் தி.மு.க. அரசு முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தலா 3.5 சதவீதம் தனியே ஒதுக்கியது. முஸ்லிம்களுக்கு அது இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களோ கிடைக்கும் இடம் முன்பைவிடக் குறைகிறது என்று கண்டு, அடுத்த ஆண்டே தாங்களாகக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாக் கிறிஸ்தவரையும் ஒரே குடுவையில் ஊற்றியதில் தலித் கிறிஸ்தவரின் கேள்வி கேட்கப்படவே இல்லை. 2023 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதியைக் கேட்டுத் தில்லிக்குப் போயிற்று, பா.ஜ.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். தீர்மானம் நல்லதுதான், செலவில்லாததும்கூட. கூடுதலாக வருபவர்களுக்கு 18ஐ எவ்வளவாக உயர்த்துவோம் என்று சொல்லியிருந்தால், இருக்கும் பங்கு குறையும் என்று அஞ்சும் இந்து ஆதிதிராவிடருக்கும் அருந்ததியருக்கும் பதில் கிடைத்திருக்கும். அந்த அச்சம் நியாயமானது. அதைத் தீர்க்காமல் வைத்திருப்பதுதான் எல்லாக் கட்சிகளுக்கும் வசதி. காங்கிரசும் இதில் சளைத்ததல்ல. மதத்தைப் பட்டியல் சாதித் தகுதியிலிருந்து பிரிக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை 2007இல் கைக்கு வந்தது. 2009 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். 2014 வரை அதன் மேல் ஒன்றும் நடக்கவில்லை.

‘அவர்களுக்குத்தான் பெரிய பெரிய காலேஜும் ஆஸ்பத்திரியும் இருக்கிறதே’ என்ற மேடைப் பேச்சையும் வேலூரில் அடிக்கடி கேட்கலாம். நிறுவனம் சபைக்குச் சொந்தம் என்பதாலேயே சபையிலிருப்பவருக்கு வேலை சொந்தமாகிவிடாது. அரசியல்வாதியின் கட்சிக்கு அறக்கட்டளைக் கல்லூரி இருக்கிறதென்று கட்சிக்காரன் பிள்ளைக்கு இட ஒதுக்கீட்டை நிறுத்திவிடுவார்களா? ஆனால் இந்தப் பேச்சுக்குச் சபைகளும் இடம் கொடுத்திருக்கின்றன. தங்கள் நிறுவனங்களில் தலித்துகள் எந்தப் பதவியில் எத்தனை பேர் என்று வெளிப்படையாகச் சொல்ல எந்தச் சபைக்கும் அவசரம் இருந்ததில்லை.

இத்தனைக்கும் நடுவே சாதாரணக் குடும்பம் என்ன செய்கிறது? ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். சான்றிதழ் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்றிருக்கும், ஞாயிறு வேறு. இதைப் பித்தலாட்டம் என்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றே சொன்னது. அதிகாரியின் கண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராமநாதபுரம் மருத்துவர் ஒருவரின் வழக்கு உண்டு: அவருடைய கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைக் கண்டு சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். அவர் கணவர் கிறிஸ்தவர். சுவரில் சிலுவை இருப்பதோ சர்ச்சுக்குப் போவதோ மதத்தைக் கைவிட்டதற்குச் சான்றாகாது என்று 2021 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. நீதி கிடைத்தது; ஆனால் கிடைத்தது அவர் இந்துதான் என்பதால். சாதியற்ற மதம் என்று மேடையில் புகழப்படும் மதத்தின் சின்னம், வீட்டுச் சுவரில் மறைக்க வேண்டிய பொருளாயிருக்கிறது.

முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அமைத்த ஆணையத்துக்குக் கொடுக்கப்பட்ட பணிகளில் ஒன்று, மதம் மாறியவர்களின் வழக்கங்களிலும் மரபுகளிலும் சமூக நிலையிலும் பாகுபாட்டிலும் ஏற்பட்ட மாற்றங்களை ஆராய்வது. கேள்வி மறுபடியும் மாறியவரை நோக்கியே இருக்கிறது. மாறாதவர்களை யார் ஆராய்வது? ஆம்பூர் டேனரியில் ஈரப் பக்கத்துக்கும் உலர்ந்த பக்கத்துக்கும் ஆள் எடுக்கும் மேஸ்திரி, காலனிக்கு வீடு வாடகைக்குத் தராத ஊர்த்தெருக்காரர், பாலாற்றுப் பாதையில் வேலி போட்டவர் ஆகிய இவர்கள் இந்து ஆதிதிராவிடரையும் கிறிஸ்தவ ஆதிதிராவிடரையும் பிரித்துப் பார்க்கிறார்களா என்று கேட்டாலே போதும். 1985இல் நீதிமன்றம் தன் முன் இல்லை என்று சொன்ன ஆய்வு அதுதான். அதைச் செய்யப் பைபிளையோ மனுஸ்மிருதியையோ புரட்ட வேண்டியதில்லை. சம்பளப் பதிவேடும் காலனியின் வீட்டு வரிப் பதிவேடும் காவல்நிலையப் புகார்ப் பதிவேடும் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கின்றன.